கல்சுவரிலிருந்து 40 எட்டு: காட்டில் லெட்டர்பாக்ஸ் தேடப் போகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை லெட்டர்பாக்ஸ் தேடக் காட்டுக்குப் போகிறோம் என்று போனில் சொன்னபோது, "ஏன், உங்க தெருவுல தபால் பெட்டி இல்லையா?" என்று கேட்டார் அம்மா. கேள்வியில் தப்பே இல்லை. பெயர் அப்படி.

இது தபால் பெட்டி இல்லை. சாப்பாட்டு டப்பா அளவில், தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே கையால் செதுக்கிய ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பும் ஒரு சின்ன நோட்டும் இருக்கும். யாரோ ஒருவர் அதைக் காட்டில் ஒளித்து வைத்து, போய்ச் சேரும் வழியைத் துப்பாக எழுதி வெளியிட்டிருப்பார். நீங்கள் துப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதிலுள்ள ஸ்டாம்ப்பை உங்கள் நோட்டில் குத்திக்கொள்ள வேண்டும், உங்கள் ஸ்டாம்ப்பை அதன் நோட்டில் குத்த வேண்டும். அப்புறம் இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு எதுவும் கிடையாது. நோட்டில் ஒரு முத்திரை கூடும், அவ்வளவுதான்.

பெயர் வந்த கதை இங்கிலாந்தின் டெவன் பகுதியில் உள்ள டார்ட்மூர் மேட்டுநிலத்தில் தொடங்குகிறது. 1854-இல் சாக்ஃபோர்டு ஊர்க்காரரான ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறமான சதுப்பு நிலத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். பின்னாளில், தங்கள் முகவரியையே எழுதிய அஞ்சலட்டையைப் போட்டுவிட்டுப் போகும் வழக்கம் வந்தது. அடுத்து வருபவர் அதை எடுத்துப்போய்த் தபாலில் சேர்ப்பார். அட்டை எத்தனை நாளில் வீடு வந்து சேர்கிறது என்பதை வைத்து, அடுத்த ஆள் எப்போது அங்கே போனார் என்று தெரிந்துகொள்ளலாம். லெட்டர்பாக்ஸ் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் இது பரவியது 1998-இல், ஸ்மித்ஸோனியன் இதழில் டார்ட்மூர் பற்றி ஒரு கட்டுரை வந்த பிறகு. டார்ட்மூரில் பெரும்பாலும் திறந்த வெளி, பாறைக் குன்று. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்களுக்கு வந்ததும் விளையாட்டு மரங்களுக்குள் புகுந்துவிட்டது. நான் நடப்பது கனெக்டிகட் காடுகளில். அதனால் கீழே எழுதியிருப்பது முழுக்க அந்த மண்ணுக்கானது.

கிளம்புமுன்

தேவையான சாமான் கொஞ்சம்தான். ஒரு காம்பஸ், ஒரு ஸ்டாம்ப் பேட், கோடு போடாத ஒரு நோட்டு, பேனா, உங்களுக்கென்று ஒரு ஸ்டாம்ப். காம்பஸ் 10, 15 டாலருக்குக் கிடைக்கும் தட்டையான பிளாஸ்டிக் அடித்தளம் கொண்டதே போதும். போனில் காம்பஸ் இருக்கிறதே என்பீர்கள். அதற்குப் பின்னால் வருகிறேன். நோட்டு வாங்கும்போது தாள் கனமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறி, இரண்டு முத்திரையும் வீணாகும்.

ஸ்டாம்ப்பைக் கடையிலும் வாங்கலாம். ஆனால் செதுக்குங்கள். ஒரு மாலை நேர வேலை. வெள்ளை அழிரப்பர் ஒன்றும், லினோ செதுக்கும் சின்ன V முனைக் கத்தியும் வேண்டும். படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வரைய வேண்டுமே என்று முதலில் மலைப்பாக இருக்கும். திருப்பவே வேண்டாம். சாதாரணத் தாளில் மென்மையான பென்சிலால் அழுத்தி நேராக வரையுங்கள். தாளைக் கவிழ்த்து ரப்பரின் மேல் வைத்து, நகத்தால் பின்பக்கம் தேயுங்கள். பென்சில் கரி ரப்பரில் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோடுகளை விட்டுவிட்டு மீதியைச் செதுக்கி எடுத்தால், குத்தும்போது படம் நேராக விழும்.

தமிழ் எழுத்தைச் செதுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் எழுத்தில் சுழி அதிகம். சுழியில் கத்தியைத் திருப்பினால் ரப்பர் பிய்ந்துவிடும். கத்தியை அசையாமல் பிடித்துக்கொண்டு ரப்பரைத் திருப்ப வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளுமுன் நான் மூன்று ரப்பரைப் பாழாக்கினேன். கடைசியில் எழுத்தே வேண்டாம் என்று விட்டுவிட்டு நுங்கு வண்டி ஒன்றைச் செதுக்கினேன்: இரண்டு வட்டம், ஒரு குச்சி. காட்டில் என் பெயரும் அதுவே. இங்கே யாரும் சொந்தப் பெயரில் கையெழுத்திடுவதில்லை. ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொள்வது வழக்கம்.

துப்பு எங்கே கிடைக்கும்? அட்லஸ் குவெஸ்ட், லெட்டர்பாக்ஸிங் நார்த் அமெரிக்கா என்ற இரண்டு இணையதளங்களில் ஊர்வாரியாகத் தேடலாம். கனெக்டிகட்டில் இன்னொரு நல்ல வசதி உண்டு. மாநிலச் சுற்றுச்சூழல் துறையே அரசுக் காடுகளில் பெட்டி வைத்து, துப்புத் தாள்களை வெளியிடுகிறது. ஐந்து காடுகளின் முத்திரை சேர்த்தவர்களுக்குக் கைத்தடி ஒன்று தரும் வழக்கமும் வைத்திருக்கிறார்கள். முதல் நடைக்கு இந்த அரசுத் துப்புகளைத்தான் சொல்வேன். விடுகதை போட்டு இழுத்தடிக்காமல் நேராக எழுதியிருப்பார்கள்.

தனியார் வைத்த பெட்டி என்றால், கடைசியாக யார் எப்போது கண்டுபிடித்தார்கள் என்று பாருங்கள். மூன்று வருஷமாக யாரும் கண்டதாகப் பதிவு இல்லையென்றால் பெட்டியே இல்லாமல் போயிருக்கலாம். அதில் உங்கள் முதல் நாளைச் செலவழிக்காதீர்கள். புதிர்த் துப்பு, சங்கேதத் துப்பு எல்லாம் பத்துப் பெட்டி பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

துப்பைத் தாளில் அச்சடித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னல் இருக்காது. அச்சடித்ததை வீட்டிலேயே ஒருமுறை கடைசி வரி வரை படித்துவிடுங்கள். "திரும்பி வரும் வழியில்" என்று ஐந்தாம் வரியில் எழுதியிருப்பதைக் காட்டுக்குள் போய்ப் படித்து நொந்துபோனவர்கள் உண்டு.

ஒரு துப்பை எடுத்து நடப்போம்

உண்மையான துப்பை இங்கே போட்டால் அந்தப் பெட்டி கெட்டுவிடும். அதனால் பயிற்சிக்கு ஒன்றை நானே எழுதுகிறேன். இந்தப் பக்கத்துத் துப்புகள் ஏறத்தாழ இந்த நடையில்தான் இருக்கும்.

"வண்டி நிறுத்தத்திலிருந்து நீலத் தடத்தில் போகவும். பாலம் தாண்டித் தடம் வலப்பக்கம் திரும்பும். இரண்டாவது கல்சுவர்த் திறப்பில் நிற்கவும். 200 டிகிரியில் சட்டை கிழிந்த கிழவர் தெரிவார். அவரிடமிருந்து சுவரை ஒட்டி மேற்கே 40 எட்டு. மேசைப் பாறை. அதன் வடக்கு முகத்தில், மூன்று கற்களுக்குப் பின்னால்."

முதல் வரி. நீலத் தடம் என்பது மரங்களில் கண் உயரத்தில் அடித்த நீலப் பெயிண்ட் பட்டை. கனெக்டிகட் காடு பூங்காச் சங்கம் 1929-இலிருந்து பராமரித்துவரும் தடங்களுக்கு இதுதான் அடையாளம். ஒரு பட்டை என்றால் நேராகப் போ. இரண்டு பட்டை ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் திருப்பம் வருகிறது, கவனி. மேல்பட்டை எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஐந்து நிமிஷமாகப் பட்டையே கண்ணில் படவில்லையென்றால் தடம் தவறிவிட்டீர்கள். முன்னால் போகாதீர்கள், கடைசியாகப் பட்டை பார்த்த மரத்துக்குத் திரும்புங்கள்.

இந்த ஒரு பழக்கம்தான் இந்த விளையாட்டுக்கு மூலதனம். துப்பின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. ஓர் இடத்தில் பிசகினால் மீதி எல்லாம் பிசகும். ஆனால் பிசகியது எங்கே என்று அப்போது தெரியாது. எல்லாம் சரியாகப் போவதாகவே தோன்றும். அதனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் நின்று, "இது நிச்சயம்தானா?" என்று கேட்டு, நிச்சயமென்றால் தாளில் ஒரு டிக் போடுங்கள். குழம்பும்போது கடைசி டிக்குக்குத் திரும்பலாம். டிக் இல்லாவிட்டால் வண்டி நிறுத்தம் வரை திரும்ப வேண்டியதுதான்.

இரண்டாவது கல்சுவர்த் திறப்பு. அடர்ந்த காட்டுக்குள் யார் சுவர் கட்டினார்கள் என்று புதிதாக வருபவர்கள் திகைப்பார்கள். ஒரு காலத்தில் இது காடு இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கனெக்டிகட்டின் பெரும்பகுதி வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. உழும்போது கிளம்பிய கற்களை விவசாயிகள் எல்லையில் அடுக்கினார்கள். பிறகு மேற்கே நல்ல நிலமும் நகரத்தில் ஆலை வேலையும் கிடைக்க, நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். மரம் திரும்பி வந்துவிட்டது, சுவர் அப்படியே நிற்கிறது. வண்டி போவதற்காக அன்று விட்ட இடைவெளிதான் துப்பு சொல்லும் திறப்பு. சரிந்து விழுந்த இடமும் திறப்பு மாதிரியே தெரியும். நிஜத் திறப்பின் இரு ஓரத்திலும் பெரிய கற்கள் நேராக முடிந்திருக்கும். சரிந்த இடத்தில் கற்கள் தரையில் சிதறிக் கிடக்கும்.

அடுத்து 200 டிகிரி. காம்பஸின் வளையத்தைத் திருப்பி 200-ஐ முன்கோட்டுக்கு நேரே கொண்டுவாருங்கள். நெஞ்சுக்கு முன் தட்டையாகப் பிடித்துக்கொண்டு, சிவப்பு முள் தன் கூட்டுக்குள் (வளையத்தின் அடியில் வரைந்திருக்கும் அம்புக்குள்) வந்து உட்காரும்வரை காம்பஸை அல்ல, உடம்பைத் திருப்புங்கள். இப்போது மூக்கு காட்டும் திசைதான் 200. போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். காந்தம் வைத்த போன் உறை முள்ளைத் தன் பக்கம் இழுத்துவிடும்.

போன் காம்பஸில் இன்னொரு சிக்கல். துப்பில் வரும் டிகிரி பெரும்பாலும் காந்த வடக்கை, அதாவது காம்பஸ் முள் காட்டும் வடக்கை வைத்து எடுத்தது. உங்கள் போன் உண்மை வடக்கை, அதாவது வட துருவம் இருக்கும் திசையைக் காட்டும்படி அமைந்திருக்கலாம். கனெக்டிகட்டில் இரண்டுக்கும் ஏறத்தாழ 13 டிகிரி வித்தியாசம். 40 மீட்டர் நடந்தால் வலப்பக்கம் 9 மீட்டர் தள்ளிப் போயிருப்பீர்கள். காட்டில் 9 மீட்டர் என்றால் வேறொரு மரம், வேறொரு பாறை. போன்தான் வேண்டும் என்றால் அமைப்புக்குப் போய்க் காந்த வடக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

துப்பு "தெற்கே" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் காம்பஸ்கூட வேண்டாம், சூரியனே போதும். தமிழ்நாட்டில் சித்திரை தாண்டினால் உச்சிவெயில் வடக்கே சாய்ந்துவிடும், அதை நம்பித் திசை சொல்ல முடியாது. இங்கே வருஷம் முழுக்க நடுப்பகல் சூரியன் தெற்கில்தான். நடுப்பகல் என்றால் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி அல்ல, கோடைநேரக் கணக்கில் அது ஒரு மணிவாக்கில் வரும்.

சட்டை கிழிந்த கிழவர் யார்? ஷாக்பார்க் ஹிக்கரி என்ற மரம். இதன் பட்டை நீள நீளமாக உரிந்து, கீழ் நுனி தூக்கிக்கொண்டு தொங்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. துப்பு எழுதுபவர்களுக்கு இந்த மரம் மேல் ஒரு மோகம். இது போல ஏழெட்டு மரத்தைத் தெரிந்துவைத்தால் பாதித் துப்பு அவிழ்ந்துவிடும். வெள்ளைப் பைனில் ஊசியிலைகள் ஐந்தைந்தாகக் கொத்தாக இருக்கும். ஹெம்லாக்கில் ஊசி குட்டை, அடிப்பக்கம் இரண்டு வெள்ளைக் கோடு ஓடும். பீச் மரத்தின் பட்டை சாம்பல் நிறத்தில் யானைக்கால் போல வழவழப்பு. மவுண்டன் லாரல் இடுப்பு, தலை உயரப் புதர், பனிக்காலத்திலும் இலை பச்சையாகவே நிற்கும்.

இப்போது 40 எட்டு. இங்கேதான் நாங்கள் முதல் பெட்டியைக் கோட்டைவிட்டோம். ஆங்கிலத்தில் ஸ்டெப் வேறு, பேஸ் வேறு. ஸ்டெப் என்றால் ஒரு கால் எடுத்து வைப்பது. பேஸ் என்றால், அமெரிக்க லெட்டர்பாக்ஸ்காரர்கள் வழக்கில், இரண்டு எட்டு: அதே கால் மறுபடி தரையைத் தொடும் வரை. மைல் என்ற சொல்லே ரோமானியர்களின் ஆயிரம் இரட்டை எட்டிலிருந்து வந்ததுதான். அந்தத் துப்பில் பேஸ் என்று இருந்தது. நான் சாதாரண எட்டாக 60 எண்ணி, ஒரு பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து, இலையையெல்லாம் விலக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். துப்புத் தாளை வாங்கிப் பார்த்த மகள், "அப்பா, நீங்க பாதி தூரம்தான் வந்திருக்கீங்க" என்றாள். நம் 'அடி' இன்னும் மோசம். அது 12 அங்குலமும் ஆகும், காலடியும் ஆகும். துப்பை நண்பருக்குத் தமிழில் சொல்லும்போது எட்டு என்றே சொல்லிவிடுங்கள்.

எழுதியவருடைய எட்டு நீளமும் உங்களுடையதும் ஒன்றல்ல. மேட்டில் ஏறும்போது எட்டு சுருங்கும். 40 என்றால் 34-இலிருந்து கண்ணை ஓட்டத் தொடங்கி 46 வரை விடாதீர்கள்.

பாறைக்கு வந்துவிட்டோம். வடக்கு முகம் என்றால் வடக்கைப் பார்த்த பக்கம். நீங்கள் பாறைக்கு வடக்கே நின்று, தெற்கே திரும்பிப் பார்க்க வேண்டும். உடனே கையை விடாதீர்கள். ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். காடு தானாக வைத்த கல்லில் பாசி தொடர்ச்சியாக இருக்கும், ஓரத்தில் இலைச்சருகு ஒட்டியிருக்கும். மனிதர் வைத்த கல் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும். ஒரே அளவில் மூன்று கல் வரிசையாக எங்கும் தானாக உட்காராது. மரப்பொந்தின் வாயில் நேர்நேராக அடுக்கிய சுள்ளியும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு குச்சியால் கல்லை நகர்த்துங்கள். வெறும் கையை இருட்டுப் பொந்துக்குள் விட வேண்டாம். கனெக்டிகட்டில் காப்பர்ஹெட், டிம்பர் ராட்டில்ஸ்நேக் என இரண்டு விஷப்பாம்பு உண்டு, இரண்டுக்கும் பாறை இடுக்கு பிடிக்கும். நான் இதுவரை ஒன்றைக்கூடப் பெட்டியருகே பார்த்ததில்லை. குச்சியை விட்டதும் இல்லை.

பெட்டி கையில் வந்த பிறகு

முதலில் சுற்றும் முற்றும் பாருங்கள். தடத்தில் ஆள் வந்தால் ஷூ லேஸ் கட்டுவதுபோல் உட்கார்ந்திருங்கள். பெட்டி இருந்த இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், எந்தக் கல் எங்கே இருந்தது என்பது பத்து நிமிஷத்தில் மறந்துவிடும். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் போய், தடத்திலிருந்து தெரியாத இடத்தில் உட்காருங்கள். ஒளித்த இடத்திலேயே எல்லாரும் உட்கார்ந்தால் புல் மிதிபட்டு, அடுத்தவருக்குத் துப்பே வேண்டாம் என்றாகிவிடும். இதே காரணத்துக்காகப் புதுப் பனி விழுந்த மறுநாள் நான் போவதில்லை. காலடித் தடம் நேராகப் பெட்டிவரை போகும்.

பெட்டிக்குள் ஜிப்லாக் பை, பைக்குள் இன்னொரு பை என்று இருக்கும். எது எதற்குள் இருந்தது என்று பார்த்து எடுங்கள். ஸ்டாம்ப்பை மையில் அழுத்தித் தேய்க்க வேண்டாம். பேடைக் கவிழ்த்து ஸ்டாம்ப்பின் மேல் தட்டித் தட்டி மை ஏற்றினால் கோடு தெளிவாக விழும். முழங்காலில் வைத்துக் குத்தினால் பாதி முத்திரைதான் வரும், நோட்டைத் தட்டையான கல்லில் வையுங்கள். உங்கள் நோட்டில் பெட்டியின் முத்திரை, அதன் கீழே தேதி, காட்டின் பெயர். பெட்டியின் நோட்டில் உங்கள் முத்திரை, புனைபெயர், தேதி, ஊர், ஒரு வரி. நான் தமிழில்தான் எழுதுகிறேன். பெட்டி வைத்தவர் ஒருவர், அது என்ன எழுத்து, என்ன சொல்கிறது என்று இணையதளம் வழியே கேட்டு எழுதியிருந்தார். "கொசு அதிகம்" என்று எழுதியிருந்தேன்.

பெட்டியின் ஸ்டாம்ப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது. ஜியோகேஷிங் (ஜி.பி.எஸ். வைத்து ஒளித்த பெட்டியைத் தேடும் விளையாட்டு) விளையாடிப் பழகியவர்கள் ஒரு பொருளை வைத்துவிட்டு ஒன்றை எடுக்கும் வழக்கத்தில் இதைச் செய்துவிடுவார்கள். இங்கே எடுக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். 'ஹிட்ச்ஹைக்கர்' என்று எழுதி, தனி நோட்டோடு ஒரு ஸ்டாம்ப் இருந்தால், அது ஊர் சுற்றும் ஸ்டாம்ப். அதை அடுத்து நீங்கள் காணும் பெட்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

மூடுமுன் ஸ்டாம்ப்பின் மையை ஒரு டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஜிப்லாக்கின் காற்றை அமுக்கி வெளியேற்றி, விரலால் வாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்துங்கள். பை ஓரம் டப்பா மூடியில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் மழை உள்ளே போகிறது. பனி உருகி முடிந்த ஏப்ரலில் நான் திறந்த ஒரு பெட்டியில் நோட்டு முழுக்கக் கூழாகி, நாலு வருஷத்து முத்திரையும் நீலக் கறையாக இருந்தது. கடைசியாக மூடியவர் அவசரத்தில் இருந்திருப்பார்.

வைக்கும்போது படத்தைப் பார்த்து அதே கல், அதே இடம். இன்னும் நல்ல இடம் இருக்கிறதே என்று மாற்றாதீர்கள், துப்பு அந்த இடத்துக்கு எழுதியது.

கிடைக்கவில்லையென்றால்

கடைசி டிக்குக்குத் திரும்பி இன்னொரு முறை வாருங்கள். எட்டை இரட்டித்துப் பாருங்கள், டிகிரியை 13 கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அரைமணிக்கு மேல் வேண்டாம். கல்சுவரைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக நிற்கும் சுவர் அது, நல்ல பெட்டிக்காரர் யாரும் சுவரைக் கலைத்தால்தான் கிடைக்கும்படி ஒளித்திருக்க மாட்டார். வீட்டுக்கு வந்து தளத்தில் "கிடைக்கவில்லை" என்று பதிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு மூன்று பேர் அப்படி எழுதினால்தான் வைத்தவர் போய்ப் பார்ப்பார்.

உடம்புக்கு

பாம்பைவிட இங்கே உண்ணிக்குத்தான் பயப்பட வேண்டும். உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய்க்குப் பெயர் கொடுத்ததே கனெக்டிகட்டில் உள்ள லைம் என்ற ஊர்தான். மான் உண்ணியின் குஞ்சு கசகசா அளவுதான் இருக்கும். வெளிர்நிற முழுக்கால்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உடுப்பைத் துவைக்குமுன் டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓடவிட்டால் உண்ணி செத்துவிடும். குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். சில நாள் கழித்துக் காய்ச்சலோ பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் மருத்துவரிடம் போய், காட்டுக்குப் போனதையும் சொல்லுங்கள்.

தொட்டால் அரிக்கும் பாய்சன் ஐவிச் செடியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். மரத்தில் ஏறும் கொடியென்றால் உடம்பெல்லாம் மயிர்மயிராக வேர் இருக்கும். இலை உதிர்ந்த குளிர்காலத்திலும் அந்தக் கொடியைத் தொட்டால் அரிப்பு வரும். கல்சுவர் ஓரம் இதற்குப் பிடித்த இடம், நமக்கும் அதுதான் பிடித்த இடம். இலையுதிர்காலத்தில் வேட்டை நடக்கும் காடுகள் உண்டு, பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். இரண்டு மணிக்கு மேல் ஒரு துப்பைத் தொடங்காதீர்கள்.

சொந்தமாகப் பெட்டி வைக்க ஆசை இரண்டாவது வாரமே வரும். இருபது பெட்டியாவது கண்டுபிடித்த பிறகு வையுங்கள், நிலத்துக்கு உரியவரிடமோ பூங்கா அலுவலகத்திடமோ அனுமதி வாங்கிக்கொண்டு. அதுவரை செய்ய ஒரு வேலை இருக்கிறது. நடைப் பையில் உபரியாக நாலு ஜிப்லாக் பையும் ஒரு சின்ன நோட்டும் போட்டுவையுங்கள். நனைந்த பெட்டியைக் கண்டால் பையை மாற்றி, நோட்டையும் வைத்துவிட்டு, அன்று இரவே வைத்தவருக்கு இரண்டு வரி எழுதிவிடலாம்.